செருப்பு டோக்கனும் 'அக்செப்ட் ஆல்' பட்டனும்

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த விஷயம். போன வாரம் நம்ம பதிவுலக நண்பர் ஒருத்தர் போன்ல பேசிக்கிட்டு இருந்தப்போ சொன்னார்: "யோவ், இந்த குக்கீ அறிவிப்பையெல்லாம் எவன்யா படிக்கிறான்? வந்தா டபக்குன்னு 'அக்செப்ட் ஆல்' அமுக்கிட்டு போய்க்கிட்டே இருப்பேன். நம்மகிட்ட மறைக்கிறதுக்கு என்ன இருக்கு?"

அவர் மேல எனக்குக் கோபம் இல்லை. அந்தக் கடைசிக் கேள்வி மேலதான் கோபம். 2018 வரைக்கும் நானும் அதே கேள்வியைக் கேட்டுக்கிட்டுத் திரிஞ்சவன்தான். அதனால அந்தக் கதையை முதல்ல சொல்லிடறேன்.

எங்க அப்பா ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டர். காலையில காபி குடிச்சதும் வீட்டுக் கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்து ரெண்டு மூணு தமிழ்ப் பேப்பர் தளங்களை ஒரு வரி விடாமப் படிப்பார். 2018-ல வயித்து வலின்னு டெஸ்ட் எடுத்ததுல, பெருங்குடல்ல கட்டி, புற்றுநோய்தான்னு டாக்டர் என்கிட்டயும் தம்பிகிட்டயும் மட்டும் சொன்னார். துபாய்ல இருக்கிற அக்கா நாலு நாள்ல வந்துடுவா, எல்லாரும் கூட இருக்கும்போது அப்பாகிட்ட பக்குவமா சொல்லிக்கலாம்னு முடிவு பண்ணினோம்.

அன்னிக்கு ராத்திரி அதே கம்ப்யூட்டர்ல, அதே பிரவுசர்ல நான் ரெண்டு மூணு ஆஸ்பத்திரி தளங்களைத் திறந்து சிகிச்சை என்ன, செலவு எவ்வளவுன்னு பார்த்தேன். பெரிய புத்திசாலி மாதிரி ஹிஸ்டரியில அந்தப் பக்கங்களை மட்டும் தேடிப் பிடிச்சு அழிச்சுட்டுப் போய்ப் படுத்தேன்.

மூணாம் நாள் காலையில அப்பா கூப்பிட்டார். அரசியல் செய்திக்குப் பக்கத்துல ஒரு ஆஸ்பத்திரி விளம்பரம். சினிமா செய்திக்கு நடுவுலயும் அதே ஆஸ்பத்திரி. இன்னொரு பேப்பர் தளத்துக்குப் போனா அங்கேயும் அதுதான். பெருங்குடல் புற்றுநோய்க்கு நவீன சிகிச்சை, இன்றே அழையுங்கள்.

"ரெண்டு நாளா இதுதான் வந்துக்கிட்டே இருக்கு. ஏன்டா, எனக்கு இதுதானா?"

என்னால பதில் சொல்ல முடியலை. சொல்லாம இருந்ததே பதிலாப் போச்சு. கொஞ்ச நேரம் சும்மா இருந்துட்டு, "முப்பத்தாறு வருஷம் தபால் ஆபீஸ்ல இருந்தேன். எத்தனையோ பேர் வீட்டுச் சாவுச் செய்தி என் கை வழியாப் போயிருக்கு. ஒருத்தர் கடுதாசியையும் நான் பிரிச்சதில்லை"ன்னார். அதுக்கு மேல எதுவும் சொல்லலை.

ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சு அப்பா இன்னும் ஆறு வருஷம் எங்ககூட இருந்தார். ஆனா அந்தச் செய்தியை அவருக்குச் சொன்னது அவர் பெத்த பிள்ளைங்க இல்லை, ஒரு விளம்பரப் பெட்டி. அதனாலதான் 'மறைக்க என்ன இருக்கு'ன்னு யாராவது கேட்டா எனக்குச் சுருக்குன்னு வருது. ஒரு விஷயத்தை யார்கிட்ட, எப்போ, எப்படிச் சொல்லணும்ங்கிறது என் உரிமைய்யா. அந்த உரிமையை என்னைக் கேக்காம இன்னொருத்தன் எடுத்துக்கிட்டான். அதுதான் விஷயம்.

அதுக்கப்புறம்தான் இந்தக் குக்கீன்னா என்னன்னு உட்கார்ந்து படிச்சேன். படிச்சதை எனக்குத் தெரிஞ்ச மொழியில சொல்றேன்.

கோயில் வாசல்ல செருப்பு ஸ்டாண்டு இருக்கும். செருப்பைக் கொடுத்தா ஒரு டோக்கன் தருவான். டோக்கன்ல உங்க பேரோ ஊரோ இருக்காது, வெறும் நம்பர். சாமி கும்பிட்டுட்டு வந்து டோக்கனை நீட்டினா, 'ஓ, 47-ஆம் நம்பரா'ன்னு உங்க செருப்பை எடுத்துத் தருவான். குக்கீ அவ்வளவுதான். வெப் தளத்துக்கு இயல்பாவே ஞாபக மறதி. நீங்க ஒரு பக்கத்துல இருந்து அடுத்த பக்கத்துக்குப் போனா, இது அதே ஆள்தான்னு அதுக்குத் தெரியாது. அதனால முதல் தடவை போகும்போதே தளம் ஒரு சின்ன எழுத்துத் துண்டைக் கொடுக்கும். பிரவுசர் அதைப் பத்திரமா வெச்சுக்கிட்டு, ஒவ்வொரு தடவை அந்தத் தளத்துக்குப் போகும்போதும் திருப்பிக் காட்டும். ஒரு குக்கீ பொதுவா 4 கிலோபைட்டைத் தாண்டாது. அது புரோகிராம் இல்லை, அதனால வைரஸும் இல்லை. நீங்க ஜிமெயில்ல ஒரு தடவை நுழைஞ்சா அப்புறம் ஒவ்வொரு கிளிக்குக்கும் பாஸ்வேர்டு கேக்காம இருக்கே, அதுக்குக் காரணம் இந்த டோக்கன்தான்.

இதைக் கண்டுபிடிச்சவர் நெட்ஸ்கேப் கம்பெனியில வேலை பார்த்த லூ மோன்டுலி. வருஷம் 1994. ஆன்லைன் கடையில வாங்குறவன் கூடையில என்ன போட்டான்னு ஞாபகம் வெச்சுக்க ஒரு வழி வேணும்னு யோசிச்சதுல வந்தது. புரோகிராமர்கள் மத்தியில ஏற்கெனவே புழங்கிக்கிட்டிருந்த 'மேஜிக் குக்கீ'ங்கிற பேரையே இதுக்கும் வெச்சுட்டார். நல்ல கண்டுபிடிப்பு. இதுல எனக்கு ஒரு சண்டையும் இல்லை.

சண்டை எங்கே ஆரம்பிக்குதுன்னா, அந்த செருப்பு ஸ்டாண்டுக்காரன் கோயில் வாசலோட நிக்காதப்போ. அதே ஆள் கோயில், ஆஸ்பத்திரி, நகைக்கடை, டாஸ்மாக், கல்யாண புரோக்கர் ஆபீஸ்னு எல்லா வாசல்லயும் ஒரு ஸ்டாண்டு போடறான். எல்லா இடத்துலயும் உங்களுக்கு அதே 47-ஆம் நம்பர்தான். கையில ஒரு நோட்டு. '47 காலையில கோயில், மத்தியானம் புற்றுநோய் ஆஸ்பத்திரி, சாயங்காலம் அடகுக்கடை.' உங்க பேர் அவனுக்குத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. நோட்டு போதும்.

இதுக்குப் பேர்தான் தேர்ட் பார்ட்டி குக்கீ. நீங்க பார்க்கிறது பேப்பர் தளம். ஆனா ஓரத்துல இருக்கிற விளம்பரப் பெட்டி வேற ஒரு கம்பெனி சர்வர்ல இருந்து வருது. அந்தப் பெட்டியை வரைய பிரவுசர் அங்கே போகும்போது அவனும் தன் பங்குக்கு ஒரு டோக்கனை மாட்டி விட்டுடறான். ஆஸ்பத்திரி தளத்துலயும் அவனோட நிரல் இருக்கும், சில நேரம் கண்ணுக்கே தெரியாத ஒரு புள்ளி அளவு படமா. முடிஞ்சது. டோக்கன் ஆளை அறியாது, பிரவுசரைத்தான் அறியும். ராத்திரி அங்கே உட்கார்ந்தது மகன், காலையில உட்கார்ந்தது அப்பான்னு அவனுக்கு எப்படித் தெரியும்? தெரிஞ்சாலும் அவனுக்கு என்ன வந்தது?

இப்போ என் முக்கியமான வாதத்துக்கு வர்றேன். பலர் நினைக்கிற மாதிரி இது தவிர்க்க முடியாத தொழில்நுட்பச் சிக்கல் எல்லாம் இல்லை. 1997 பிப்ரவரியில குக்கீக்கான முதல் அதிகாரபூர்வ நெறிமுறை வந்தது. ஆர்எஃப்சி 2109. எழுதின ரெண்டு பேர்ல ஒருத்தர் அதே லூ மோன்டுலி. மூன்றாம் தரப்புக் குக்கீயை அனுமதிக்கக் கூடாது, அப்படி ஒரு வசதி கொடுத்தாலும் தொடக்கத்துல அது அணைஞ்சுதான் இருக்கணும்ங்கிறது அதோட சாரம். அன்னிக்குக் கோலோச்சிய நெட்ஸ்கேப்பும் மைக்ரோசாஃப்ட்டும் அதைக் காதுலயே போட்டுக்கலை. ஸ்விட்சை ஆன்லயே வெச்சாங்க. 1996-ல தொடங்கின டபுள்கிளிக் மாதிரி விளம்பரக் கம்பெனிகள் அந்தத் திறந்த கதவு வழியாத்தான் வளர்ந்தது. அதை வாங்கறதா 2007-ல கூகுள் அறிவிச்சது. விலை 310 கோடி டாலர். ஒரு நோட்டுப் புத்தகத்தோட மதிப்பு என்னன்னு இப்போ புரியுதா?

ஸ்விட்சை அணைக்க முடியாதான்னா, முடியும். அணைச்சுக் காட்டியும் இருக்காங்க. ஃபயர்ஃபாக்ஸ் 2019-ல தெரிஞ்ச உளவுக் குக்கீகளைத் தானாவே தடுக்க ஆரம்பிச்சது. 2022-ல ஒவ்வொரு தளத்துக்கும் தனித்தனி குக்கீ ஜாடி வெச்சு, ஒரு ஜாடியில இருந்து இன்னொண்ணுக்குக் கை நீட்ட முடியாமப் பண்ணிடுச்சு. ஆப்பிளோட சஃபாரி 2020 மார்ச்ல மூன்றாம் தரப்புக் குக்கீயை முழுசாவே நிறுத்துச்சு. உலகம் ஒண்ணும் அழிஞ்சு போகலை.

குரோம்? 2020 ஜனவரியில 'ரெண்டு வருஷத்துல எடுத்துடறோம்'னு கூகுள் சொன்னது. 2021-ல 'இல்லை, 2023'. 2022-ல 'இல்லை, 2024 கடைசி'. 2024 ஏப்ரல்ல 'இல்லை, 2025'. 2024 ஜூலையில 'எடுக்கப் போறதில்லை, உங்களையே கேட்டுக்கறோம்'. 2025 ஏப்ரல்ல 'தனியா கேக்கவும் போறதில்லை'. நம்ம ஊர் மேம்பாலம் கட்டுற கான்ட்ராக்டர் கூட இதைவிட நாணயமா தேதி சொல்லுவான் :-) நியாயமா ஒண்ணையும் சொல்லணும். குக்கீயை எடுத்துட்டா கூகுள் மட்டும்தான் விளம்பரச் சந்தையில கொடி கட்டிப் பறக்கும்னு போட்டிக் கம்பெனிகள் புகார் பண்ணி, பிரிட்டன் போட்டி ஆணையமும் தலையிட்டது. அதுவும் உண்மைதான். ஆனா 2024-ல தாய்க் கம்பெனி வருமானத்துல சுமார் முக்கால் பங்கு விளம்பரத்துல வந்ததும் உண்மைதான். பாலுக்குக் காவல் பூனைன்னு சொல்றது வேற எதுக்கு?

சரி, அப்போ அந்த 'அக்செப்ட் ஆல்' அறிவிப்பு நம்மைக் காப்பாத்தத்தானே வந்ததுன்னு கேக்கலாம். சட்டம் அப்படித்தான் நினைச்சது. ஐரோப்பாவுல 2009-ல திருத்தின சட்டம், சேவைக்கு அவசியமில்லாத குக்கீக்கு முன்கூட்டியே சம்மதம் வாங்குன்னு சொன்னது. பாதித் திரையை மறைச்சு, 'சம்மதம்' பட்டனைப் பச்சையில பெருசாவும், 'வேண்டாம்'ங்கிறதை மூணு பக்கம் தள்ளி சாம்பல் கலர்லயும் வைன்னு அந்தச் சட்டம் எங்கயும் சொல்லலை. அது கம்பெனிகளோட கைவேலை. முன்கூட்டியே டிக் அடிச்சு வெச்ச பெட்டி சம்மதமே ஆகாதுன்னு 2019 அக்டோபர்ல ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பு சொல்ல வேண்டி வந்தது. ஏத்துக்கறது ஒரே கிளிக், மறுக்கறது பல கிளிக்னு வெச்சதுக்காக 2021 டிசம்பர்ல பிரான்ஸ் தகவல் பாதுகாப்பு ஆணையம் கூகுளுக்கு 15 கோடி யூரோவும் ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் அபராதம் போட்டது.

சம்மதம்னா என்னன்னு நமக்குத் தெரியாதா? பொண்ணு பார்க்கப் போற இடத்துல 'பிடிச்சிருக்கா'ன்னு கேட்டுட்டு, பிடிக்கலைன்னா இந்த நூறு பாரத்தைப் பூர்த்தி பண்ணுன்னு நீட்டினா அது சம்மதமா? அலுத்துப் போய் தலையாட்டறதுக்குப் பேர் சம்மதம் இல்லை, சலிப்பு. இந்த வியாபாரமே நம்ம சலிப்பை வெச்சுத்தான் ஓடுது. என் நண்பர் படிக்காம அமுக்கறது அவர் சோம்பேறித்தனம் இல்லை. அவர் அப்படி அமுக்கணும்னே அந்தத் திரை வடிவமைக்கப்பட்டிருக்கு.

'என்னைப் பின்தொடராதே'ன்னு பிரவுசரே தளங்கள்கிட்ட மரியாதையா சொல்ற ஒரு வசதியும் நடுவுல வந்தது. பெரும்பாலான தளங்கள் கண்டுக்கவே இல்லை. அதுக்கான தர நிர்ணயக் குழுவை 2019 ஜனவரியில மூடிட்டாங்க. இப்போ சுத்திச் சுத்தி 2025 நவம்பர்ல ஐரோப்பிய ஆணையமே, விருப்பத்தைப் பிரவுசர்ல ஒரே தடவை சொல்லிட்டா தளங்கள் மதிக்கணும்னு முன்மொழிஞ்சிருக்கு. 1997-ல சொன்ன இடத்துக்கு, அதாவது பிரவுசருக்கே, திரும்பி வந்து நிக்கறோம்.

நம்ம ஊர்ல? 2023 ஆகஸ்ட்ல இந்தியாவோட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. குக்கீக்குன்னே எழுதினது இல்லை, தனிநபர் தகவல் எல்லாத்துக்கும் பொதுவானது. அதுல ரெண்டு விஷயம் எனக்கு ரொம்பப் பிடிச்சது. ஒண்ணு, சம்மதம் கொடுக்கறது எவ்வளவு சுலபமோ அதைத் திரும்ப வாங்கறதும் அவ்வளவு சுலபமா இருக்கணும். ரெண்டு, சம்மதம் கேக்கற வாசகத்தை ஆங்கிலத்துலயோ எட்டாவது அட்டவணையில இருக்கிற எந்த மொழியிலயோ படிக்க வழி தரணும். அதாவது தமிழ்ல! விதிகள் 2025 நவம்பர்ல வந்தது. முக்கியமான கடமைகளுக்கு 18 மாசம் அவகாசம், அதாவது 2027 மே. இதுவரைக்கும் நான் தமிழ்ச் செய்தித் தளங்கள்ல பார்த்த குக்கீ அறிவிப்பு எல்லாம் ஆங்கிலத்துலதான். எங்க அப்பா மாதிரி தமிழ் மட்டும் படிக்கிற ஆள்கிட்ட 'லெஜிட்டிமேட் இன்ட்ரெஸ்ட்'னு எழுதிக் காட்டிட்டு சம்மதம் வாங்கிட்டேன்னு சொல்றதுக்கும், பத்திரத்துல கைநாட்டு வாங்கறதுக்கும் என்ன வித்தியாசம்?

எதிர்வாதம் ஒண்ணு எப்பவும் வரும். 'விளம்பரம் இல்லைன்னா ஓசியில எப்படிப் படிப்பே?' விளம்பரம் வேண்டாம்னு யார் சொன்னா? பேப்பர்ல பல தலைமுறையா விளம்பரம் வருது. ஜவுளிக்கடை விளம்பரம் நம்ம பின்னாடியே வீடு வரைக்கும் நடந்து வந்ததில்லையே. பக்கத்துல என்ன செய்தியோ அதுக்கேத்த விளம்பரம் போட்டுட்டுப் போ. நெதர்லாந்து பொது ஒளிபரப்பு நிறுவனம் என்பிஓ 2020 ஜனவரியில இந்தப் பின்தொடர்ற விளம்பரத்தை நிறுத்திட்டு, நிகழ்ச்சிக்கேத்த விளம்பரம் மட்டும் போட்டுப் பார்த்தது. முதல் ரெண்டு மாசமும் இணைய விளம்பர வருமானம் முந்தைய வருஷத்தைவிட ஏறித்தான் இருந்தது.

இப்போ கொஞ்சம் நம்ம முதுகையும் பார்ப்போம், மக்களே. நாம பதிவுல ஓரத்துல என்னென்ன மாட்டி வெச்சிருக்கோம்? ஹிட் கவுண்டர், எந்த நாட்டுல இருந்து வந்தாங்கன்னு கொடி காட்டுற பெட்டி, விளம்பரப் பட்டை, பகிர்வுப் பட்டன்கள். ஒவ்வொண்ணும் யாரோ ஒருத்தனோட செருப்பு ஸ்டாண்டு. வாசகரைக் கேக்காம நம்ம திண்ணையில அவனுக்கு இடம் கொடுத்தது நாமதான். எத்தனை பேர் வந்தாங்கன்னு பார்க்கிற ஆசையில நானும் 2007-ல ஒரு இலவச கவுண்டர் மாட்டினேன். அப்பா விஷயம் நடந்த பிறகும் அதைக் கழட்ட எனக்கு ரெண்டு வருஷம் ஆச்சு. அந்த நம்பர் ஏறறதைப் பார்க்கிற சுகம் அப்படி.

இன்னொண்ணு தெரியுமா? 2015-ல கூகுள் பிளாக்ஸ்பாட் பதிவுகள்ல ஐரோப்பிய வாசகர்களுக்கு மட்டும் குக்கீ அறிவிப்பைத் தானே சேர்த்துச்சு. பாரிஸ்ல இருக்கிற ஈழத்து நண்பர் சொல்லித்தான் எனக்கே தெரியும். அதே பதிவு, அதே குக்கீ. அவருக்குச் சொல்லணும்னு சட்டம் இருக்கு, சொல்றாங்க. என் தெருக்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை, சொல்லலை.

புலம்பினது போதும், என்ன செய்யலாம்?

1. குரோம்ல செட்டிங்ஸ் போய் 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி' உள்ள 'தேர்ட் பார்ட்டி குக்கீஸ்'ஐத் திறந்து 'பிளாக்' போடுங்க. போன்ல இருக்கிற குரோம்லயும் தனியா போடணும், மறந்துடாதீங்க. ஃபயர்ஃபாக்ஸ்ல ஏற்கெனவே காவல் இருக்கு, இன்னும் கறாரா வேணும்னா 'ஸ்ட்ரிக்ட்'. சஃபாரியில ஒண்ணும் செய்ய வேண்டாம்.

2. ஏதாவது ஒரு தளம் தகராறு பண்ணினா அந்த ஒரு தளத்துக்கு மட்டும் விலக்கு கொடுக்க வழி இருக்கு. ஒரு தளத்துக்காக மொத்தக் கதவையும் திறக்காதீங்க.

3. தினமும் எல்லாக் குக்கீயையும் அழிக்கிற பக்திமான்களுக்கு: கதவு திறந்தே இருந்தா அவன் அடுத்த கிளிக்லயே புது டோக்கன் மாட்டிடுவான். நல்ல டோக்கனும் போய், எல்லா இடத்துலயும் திரும்ப ஓடிபி அடிச்சுக்கிட்டு உட்காரணும். இதுல வேடிக்கை, நீங்க 'வேண்டாம்'னு சொன்னதையே பொதுவா ஒரு குக்கீயிலதான் எழுதி வெச்சிருப்பான். அதையும் அழிச்சா மறுபடி முதல்ல இருந்து.

4. ஒரே கம்ப்யூட்டரை வீட்டுல பல பேர் தொட்டா, ஆளுக்கு ஒரு யூசர் கணக்கு போட்டுக் கொடுங்க. உடம்பு, பணம், கோர்ட்டு மாதிரி விஷயம் தேடும்போது இன்காக்னிட்டோ ஜன்னல். மூடினதும் அந்தக் குக்கீ போயிடும். ஆனா இன்டர்நெட் இணைப்பு கொடுக்கிறவன் கண்ணுல இருந்து அது மறைக்காது.

5. பதிவர்களுக்கு: தேவையில்லாத பெட்டி ஒண்ணையாவது கழட்டுங்க. யூடியூப் வீடியோ சேர்க்கும்போது 'பிரைவசி என்ஹான்ஸ்டு மோட்' டிக் பண்ணினா, 'யூடியூப்-நோகுக்கீ' முகவரியில இருந்து வரும்.

இதோட எல்லாம் சரியாயிடுமா? ஆகாது. குக்கீயே இல்லாம பிரவுசரோட அங்க அடையாளத்தை வெச்சு ஆளைப் பிடிக்கிற வித்தையெல்லாம் வந்தாச்சு. போன்ல ஆப்களுக்குத் தனி விளம்பர எண் இருக்கு. ஆனா திருடன் ஓட்டைப் பிரிச்சும் இறங்குவான்கிறதுக்காக வாசக்கதவைத் திறந்து போட்டுட்டா தூங்கறோம்?

நண்பரே, நீங்க இதைப் படிப்பீங்கன்னு தெரியும். உங்ககிட்ட மறைக்க ஒண்ணும் இல்லைங்கிறதை நான் நம்பறேன். ஆனா உங்க வீட்டுக் கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்றது நீங்க மட்டும் இல்லையே. எனக்கு 2018-ல அந்த அஞ்சு நிமிஷ வேலையைச் சொல்ல ஆள் இல்லாமப் போச்சு. உங்களுக்கு நான் சொல்லிட்டேன்.

டிஸ்கி: இந்தப் பதிவு ஓரத்துல இப்போ எந்தக் கவுண்டரும் இல்லை. எத்தனை பேர் படிச்சீங்கன்னு எனக்குத் தெரிய வேண்டாம். படிச்சதும் அந்த ஸ்விட்சை அணைச்சீங்களான்னு மட்டும் பின்னூட்டத்துல சொல்லுங்க, அது போதும்.